வாய்மொழி இலக்கியத்தில் ஆணும் பெண்ணும் – வங்கத்தில் நான் கற்ற பாடம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள். கொல்கத்தாவின் தெருக்களில் முழங்கால் அளவு மழைநீர். வகுப்புக்கு வந்து சேர்ந்தவர் பதின்மருக்கும் குறைவே. எங்கள் ஆசிரியர் அன்று கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில் வாழும் கிகூயு மக்களின் வாய்மொழி இலக்கியத்தைப் பற்றிப் பாடம் சொன்னார்.

அம்மக்களின் முதல் தந்தை கிகூயு. முதல் தாய் மூம்பி. அவர்களுக்கு ஒன்பது பெண்மக்கள். அப்பெண்களின் பெயராலேயே கிகூயு குலங்கள் இன்றும் வழங்குகின்றன. ஜோமோ கென்யாட்டா 1938இல் வெளியிட்ட தம் நூலில் இதைத் தொடர்ந்து வரும் கதையையும் எழுதியுள்ளார். தொடக்கத்தில் பெண்களே ஆண்டனர். ஒரு பெண் பல கணவரை மணந்தாள். ஆண்கள் மறைவில் கூடிச் சூழ்ச்சி செய்தனர். பெண்கள் எல்லாரும் கருவுற்றிருந்த காலம் பார்த்து ஆட்சியைக் கைப்பற்றினர். பின்னர்க் குலப்பெயர்களையும் மாற்ற முயன்றனர். “பெயரை மாற்றினால் இனிப் பிள்ளை பெறமாட்டோம்” என்று பெண்கள் உறுதியாகக் கூறினர். ஆண்கள் பணிந்தனர். ஆட்சி போயிற்று; பெயர் நின்றது!

கதையைச் சொல்லி முடித்த ஆசிரியர், “உங்கள் மக்களின் வாய்மொழி இலக்கியத்தில் ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது?” என்று ஒவ்வொருவரையும் வினவினார். என் முறை வந்தபோது நான் சற்றும் தயங்கவில்லை. “தமிழில் பிரிவு தெளிவானது. வீரமும் வரலாறும் ஆண்களுக்கு. அவை வில்லுப்பாட்டும் கதைப்பாடலும். தொட்டிலும் பாடையும் பெண்களுக்கு, அவை தாலாட்டும் ஒப்பாரியும்” என்றேன். அழகாகச் சொல்லிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு அமர்ந்தேன்.

அருகிலிருந்த வங்க நண்பர் மெல்லக் கேட்டார்: “இந்தப் பிரிவைச் செய்தவர் யார்? பாடியவரா, அச்சிட்டவரா?”

எனக்கு விடை தெரியவில்லை. அந்த வினாவைத் தொடர்ந்து ஓராண்டு நான் தேடியதன் பயனே இக்கட்டுரை. நம் சங்கத்து நண்பர்களுக்கு இதனை ஒரு பாடமாக அன்றி, நான் பாடம் பெற்ற கதையாகவே சொல்ல விரும்புகிறேன்.

நான்கு பைகள்

வங்க நாட்டில் எழுத்தறிந்த குழந்தைகளுள் ‘தாகுர்மார் ஜுலி’ என்னும் நூலை அறியாதவர் அரியர். ‘பாட்டியின் பை’ என்பது அதன் பொருள். தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் என்பவர் மைமன்சிங் பகுதியில் தம் அத்தையின் நிலங்களைக் கவனித்து வந்த காலத்தில் ஊர்ப்புறத்து முதியவர்களிடம் கேட்ட கதைகளைத் தொகுத்து, 1907இல் இதை வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூர் முன்னுரை வழங்கினார். சுதேசி இயக்கம் வீறு பெற்றிருந்த காலம் அது. இதனினும் சுதேசியான பொருள் நம் நாட்டில் வேறு உண்டோ என்னும் கருத்துப்பட அவர் எழுதினார்.

தக்ஷிணாரஞ்சன் ஒரு பையோடு நிற்கவில்லை. நான்கு பைகளைத் திறந்தார். பாட்டியின் பையில் மாயக்கதைகள். தாத்தாவின் பையில் பாட்டோடு கூடிய கதைகள். ‘டான்திதி’ என்று அழைக்கப்படும் மூதாட்டியின் பையில் விரதக் கதைகள். தாய்வழித் தாத்தாவின் பையில் நகைச்சுவைக் கதைகள். எந்தக் கதை யார் வாய்க்கு உரியது என்பதை நூல்களின் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆயினும் ஒன்றை நோக்குக. பை பாட்டியுடையது, அட்டையில் உள்ள பெயரோ பேரனுடையது. அவருக்கு முன்னரே, 1883இல், லால் பிஹாரி தே என்பவர் வங்கக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவருக்கு முதற் பத்துக் கதைகளைச் சொன்னவர் ஒரு கிறித்தவப் பெண்மணி. முன்னுரையில் நன்றி உண்டு, பெயர் இல்லை. நண்பரின் வினாவில் பாதிக்கு இங்கேயே விடை கிடைத்தது. சொன்னவர் பெண், பகுத்துப் பெயரிட்டு அச்சிட்டவர் ஆண்.

விரதம் சொல்லும் பாடம்

இனி, மூதாட்டியின் பையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வங்கத்தில் விரதங்களில் இரு வகை உண்டு. சாத்திர விரதங்களைப் புரோகிதர் நடத்துவார். மற்ற வகையில் புரோகிதரும் இல்லை, வடமொழி மந்திரமும் இல்லை. பெண்களே கோலமிட்டு, பெண்களே கதை சொல்லி, பெண்களே முடித்துக்கொள்வர். ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் 1919இல் ‘வங்கத்து விரதங்கள்’ என்ற சிறு நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டி, அரிசிமாவால் வரையும் ஆல்பனாக் கோலங்களையும் பதிவு செய்தார். நம் பாவை நோன்பை அறிந்த தமிழர்க்கு இது அயலாகத் தோன்றாது.

சித்திரை மாதத்தில் சிறுமியர் முற்றத்தில் கையகலக் குளம் ஒன்று தோண்டி நீர் வார்ப்பர். ‘பத்துப் பொம்மை’ விரதத்தில் பத்து உருவங்களை வரைந்து ஒவ்வொன்றிடமும் ஒரு வரம் வேண்டுவர். சீதையைப் போலக் கற்பு வேண்டும். இராமனைப் போலக் கணவன் வேண்டும். இலக்குவனைப் போல மைத்துனன் வேண்டும். கோசலையைப் போல மாமியார் வேண்டும். திரௌபதியைப் போலச் சமைக்க வேண்டும். ஏட்டுக் கல்வி கிடையாத நாளில் இதுவே அவர்களுடைய பள்ளிக்கூடம். பெண் இப்படித்தான் வாழவேண்டும் என்பது விளையாட்டாகவே ஊட்டப்பட்டது. ‘வாய்மொழி இலக்கியம் பெண்ணை அடக்கும் கருவி’ என்போர்க்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அதே சிறுமி கார்த்திகை மாதத்தில் ‘செஞ்சுதி’ விரதம் நோற்பாள். அங்கே அவள் வாயிலிருந்து வருவது வேறு. வரப்போகும் சக்களத்தி சாகவேண்டும் என்று கடுமொழிகளால் வைவாள்! எட்டு வயதுக் குழந்தைக்கு ஏன் இந்தச் சினம்? குலீனர் எனப்பட்ட உயர்குடி அந்தணர் பல பெண்களை மணந்து, அவர்களைப் பிறந்தகத்திலேயே விட்டுச் செல்லும் வழக்கம் அந்நாளில் இருந்தது. ஈசுவர சந்திர வித்தியாசாகர் அதனைக் கண்டித்து 1871இலும் 1873இலும் நூல்கள் எழுதினார். அதற்குச் சட்டம் கிடைக்கவில்லை. அறிஞர் நூலாக எழுதியதைச் சிறுமியர் விரதமாக நோற்று வந்தனர். முறையிடுவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

ஆவணியில் வரும் பாதுலி விரதமும் நினைக்கத் தக்கது. கடல்வழி வாணிகம் சென்ற தந்தையும் உடன்பிறந்தாரும் கணவனும் நலமே திரும்ப வேண்டும் என்று நோற்பது அது. வங்கக் கப்பல்கள் கடலோடிய காலத்தை ஆண்கள் மறந்த பின்னும் பெண்களின் கோலத்தில் ஓடமும் ஆறும் கடலும் இருந்தன. ‘வரலாறு ஆண்களுக்கு’ என்று வகுப்பில் நான் கூறியதன் முதல் தூண் இங்கே ஆடிற்று.

இவற்றை நேரில் கேட்க விரும்பி, பவானிபூரில் உள்ள நண்பர் வீட்டிற்குச் சென்றேன். எண்பதைக் கடந்த அவருடைய பாட்டியார் அன்போடு சந்தேசும் தேநீரும் தந்தார். கதை கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். “இது ஆண்பிள்ளை உட்கார்ந்து கேட்கிற கதை இல்லை, பாபா” என்றார். நான் எழுதுகோலை மூடி வைத்தேன். நெடுநேரம் கழித்து, அடுத்த அறையில் மருமகளிடம் சொல்லுவது போல அவர் ஒரு விரதக் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதவு திறந்தேதான் இருந்தது. எனக்குப் புரிந்தது பாதி. அது எனக்காகத்தான் சொல்லப்பட்டது என்பது மட்டும் முழுதும் புரிந்தது.

திரும்பிப் பாராத தங்கை

பாட்டியின் பையில் கிரணமாலையின் கதை உண்டு. பெரியம்மாரின் வஞ்சகத்தால் ஆற்றில் விடப்பட்ட மூன்று குழந்தைகள்: அருண், பருண், தங்கை கிரணமாலை. வளர்ந்தபின், மாயமலையில் உள்ள அரிய பொருள்களைத் தேடி மூத்தவன் செல்கிறான். பின்னிருந்து எழும் குரல்களுக்குத் திரும்பிப் பார்த்துக் கல்லாகிறான். இளையவனுக்கும் அதே முடிவு. பின்னர்த் தங்கை ஆணுடை தரித்துப் புறப்படுகிறாள். எக்குரலுக்கும் திரும்பவில்லை. பொருளையும் பெற்றாள், அண்ணன்மாரையும் மீட்டாள்.

இங்கே இரண்டு செய்திகள் உள. பெண்ணால் முடியும் என்று கதை சொல்கிறது. ஆனால் ஆணுடை அணிந்தே செல்லவேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது ஆராய்ச்சி ஆகாது. ஏ. கே. இராமானுஜன் நம் நாட்டுக் கதைகளை ஆராய்ந்து நுட்பமான ஒன்றைக் கூறினார். ஆணை நடுவாகக் கொண்ட கதை திருமணத்தில் முடியும். பெண்ணை நடுவாகக் கொண்ட கதையிலோ திருமணத்திற்குப் பின்னரே துன்பம் தொடங்கும். நம் நல்லதங்காள் கதையை நினைத்துப் பாருங்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள், அண்ணியால் விரட்டப்பட்டுக் கிணற்றில் முடிந்தாள். மணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன உரிமை என்ற வினாவை அக்கதை போல எழுப்பியது வேறில்லை.

நாவின் விலை

கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே, வடக்கு இருபத்துநான்கு பர்கனா மாவட்டத்தில் பேராசாம்பா என்றோர் ஊர். அங்கே ஒரு மண்மேடு ‘கனா–மிகிரர் மேடு’ என்று வழங்குகிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகத்தார் 1950களில் அங்கு அகழ்ந்தபோது வெளிப்பட்டது ஒரு பழங்கோயிலின் அடித்தளமே. ஆனால் மக்கள் நாவில் அது கனாவின் வீடு.

கனா வானநூல் வல்லவள், மிகிரனின் மனைவி. மாமனாரால் கணிக்க இயலாததை அவள் கணித்தாள். அரசவையில் அவள் புகழ் ஓங்கிற்று. குடும்பத்தின் மானம் போயிற்று என்று அவள் நாவை அறுத்தார்கள். இது கதையே, வரலாறு அன்று. எனினும் மழைக்குறி, விதைப்பு, வாழை நடும் முறை ஆகியவை பற்றிய நூற்றுக்கணக்கான பழமொழிகள் ‘கனாவின் வாக்கு’ என்றே வங்க உழவரிடையே வழங்குகின்றன. ஏர் பிடிக்கும் ஆண்கள், நாவறுந்த பெண்ணின் வாக்கைக் கேட்டு விதைத்தார்கள்!

இதைக் கேட்டதும் நம் ஔவை என் நினைவுக்கு வந்தாள். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றவள் சங்க கால ஔவை. மன்னர்க்கு அறிவுரை கூறியவள். ஔவை என்ற பெயரில் புலவர் பலர் இருந்தனர் என்பர் அறிஞர். ஆனால் நம் பாட்டிமார் சொல்லும் கதையில், இளம்பெண்ணாக இருந்தவள் விநாயகரை வேண்டித் தன் இளமையைத் துறந்து கிழவியான பின்னரே ஊர் ஊராகச் சென்று அறம் உரைக்கிறாள். வங்கத்தில் பேசிய பெண் நாவை இழந்தாள். தமிழகத்தில் பேசவிரும்பிய பெண் இளமையை இழந்தாள். பெண் பொதுவில் பேசுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை இரு நாட்டு மக்களும் அறிந்திருந்தனர். அறிந்தும், அவ்விருவர் வாக்கையே போற்றி வைத்தனர். இந்த முரணை நாம் மறைத்துவிடலாகாது.

சீதையின் இராமாயணம்

1923இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் ‘மைமன்சிங் கீதிகா’ என்னும் கதைப்பாடல் தொகுதியை வெளியிட்டது. ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டியவர் சந்திரகுமார் தே. பதிப்பித்தவர் தினேஷ் சந்திர சென். மகுவா, மலுவா போன்ற பெண்களே அக்கதைகளின் உயிர். இவை உண்மை நாட்டுப்பாடல்களா என்ற ஐயம் எழுந்தபோது, செக் நாட்டு அறிஞர் துஷான் ஸ்பவிதெல் அவற்றை ஆராய்ந்து 1963இல் ஒரு நூல் வெளியிட்டார்; அவை மெய்யே எனத் துணிந்தார்.

அத்தொகுதியில் சந்திராவதி என்ற பெண்ணின் கதையும் உண்டு. அவள் பதினாறாம் நூற்றாண்டினள் என்பர். மனசா தேவியின் காவியம் பாடிய பன்சிதாசரின் மகள். காதலன் வேறொருத்தியை மணந்தான். அவள் மணமே வேண்டாம் என்று சிவபூசையில் அமர்ந்து, தந்தையின் சொற்படி இராமாயணம் பாடினாள். அந்த இராமாயணம் இராமனின் பிறப்பில் தொடங்கவில்லை. கணவனால் புறக்கணிக்கப்பட்ட மண்டோதரியின் துயரிலிருந்தே சீதை பிறக்கிறாள். போர் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. சீதையின் பன்னிரு மாதத் துயரம் நீள்கிறது. கைகேயியின் மகள் குகுவா என்பவள் சீதையை விசிறியில் இராவணன் உருவம் வரையச் செய்து அவள்மேல் பழி சேர்க்கிறாள்.

போர் இல்லாத இராமாயணம் நிறைவற்றது என்று அறிஞர் பலர் அதனை ஒதுக்கினர். யாதவபூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியப் பேராசிரியராக விளங்கி 2019இல் மறைந்த நவநீதா தேவ் சென் அதனை மீண்டும் கையிலெடுத்தார். குறை நூலில் இல்லை. வீரத்தை மட்டுமே காவியம் என்று கொண்ட கண்ணில்தான் குறை என்று காட்டினார். கிழக்கு வங்கத்துப் பெண்கள் அதைத் தங்கள் பாட்டாகவே பாடி வந்தனர் என்பதையும் எடுத்துரைத்தார்.

மௌனமான முற்றங்கள்

நிற்க. இவ்வளவு செல்வம் இருந்தும் கொல்கத்தாவின் வீடுகளில் இன்று இவை ஏன் அரிதாயின? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரின் தெருக்களிலும் அந்தப்புர முற்றங்களிலும் பெண்கள் பாடினர். ஜூமூர் பாடும் பெண்கள் இருந்தனர். பாட்டுப்போர் நிகழ்த்தும் கவியாலர்களிடையே ஜஞ்ஞேசுவரி என்ற பெண்ணும் இருந்தாள். வைணவப் பெண்துறவியர் வீட்டினுள் சென்று பாடினர். பெண்களுக்கு எழுத்தும் கற்பித்தனர். புதிய ஆங்கிலக் கல்வி பெற்ற ஆண்கள் இப்பாடல்களைக் கொச்சை என்று ஒதுக்கித் தம் வீட்டுப் பெண்கள் அவற்றைக் கேளாதபடி தடுத்தனர். சுமந்த பானர்ஜி 1989இல் எழுதிய ஆய்வுகளில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார்.

மறுபுறத்தையும் நாம் காணவேண்டும். 1849இல் இந்நகரில் பெதூன் பள்ளி தோன்றியது. பெண்கள் படித்தனர், எழுதினர். அது பெரும்பேறு. ஆயின் எழுதக் கற்ற பெண்ணுக்குப் பாட்டியின் பாட்டு நாணத்தக்க பொருளாயிற்று. ஒரு கையால் வாங்கியதற்கு மறு கையால் கொடுத்த விலை அது.

என் வீட்டு ஒப்பாரி

இந்த இடத்தில் என் தலை தாழ்ந்தது. வங்கப் பாட்டியார் வீடு வரை சென்ற நான், என் தாயை ஒரு பாட்டும் கேட்டதில்லை. சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் எங்களது. என் தாய் ஒப்பாரி வைத்தால் ஊரே நின்று கேட்கும் என்பது மட்டும் தெரியும். தொலைபேசியில் அழைத்து, ஒப்பாரி ஒன்று பாடும்படி கேட்டேன்.

“ஏய்யா, செத்த வீட்டுல பாடுறத, விளக்கு வச்ச வீட்டுல பாடச் சொல்றியே, உனக்கென்ன கிறுக்கா?” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் உச்சிவேளையில் அவரே அழைத்தார். ஊருக்கு வெளியே, எங்கள் புன்செய்க் காட்டில், கருவேல மரத்தடியில் தனியே இருந்தார். “எழுதிக்கிறதுன்னா எழுதிக்க” என்று சொல்லி, பத்தாண்டுகளுக்குமுன் என் அம்மாச்சி இறந்தபோது பாடியதைப் பாடினார்.

அப்பாட்டை இங்கே நான் அச்சிடவில்லை. அதற்கு அவர் இசையவில்லை. பொருளை மட்டும் சொல்கிறேன். முதலில் இறந்தவரின் புகழ். பிறகு பிறந்த வீட்டின் கிணறும் மாடும் வாசலும். பிறகு பாட்டு திரும்புகிறது. ஐந்தாம் வகுப்போடு தன்னை நிறுத்திவிட்டு அண்ணனைப் பட்டணத்திற்கு அனுப்பிப் படிக்கவைத்ததும், தன் பங்கு என்று ஒரு வரப்பும் இல்லாது போனதும், இனி இந்த வாசலுக்கு வர ஆள் இல்லை என்பதும் ஒவ்வொன்றாக வருகின்றன. என் மாமன்மார் அனைவரும் அமர்ந்திருந்த பந்தலில், அவர்கள் முகத்துக்கு நேரே, ஊர் கேட்க என் தாய் இதைப் பாடியிருக்கிறார். ஒருவரும் மறுத்துப் பேச இயலவில்லை. ஒப்பாரியை இடைமறிப்பது வழக்கம் அன்று. அன்று நானும் அப்பந்தலில் இருந்தேன். அழுகை என்றுதான் கேட்டேன். வழக்கு என்று கேட்கவில்லை.

‘பாடை பெண்ணுக்கு’ என்று வகுப்பில் நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தப் பாடையருகே பெண் என்ன செய்தாள் என்று நான் அறிந்திருக்கவில்லை. வில்லுப்பாட்டு ஆண்களுக்கு என்றதோ முழு உண்மையும் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் வில்லடித்துப் பாடியே பெரும்புகழ் பெற்று 2018இல் மறைந்தார்.

நாம் செய்யத்தக்கன

ஓராண்டுத் தேடலில் நான் கற்றவை மூன்று. முதலாவது, ஒரு பாட்டை ஆண்பாட்டு, பெண்பாட்டு என்று பெயரிடுமுன், அதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்ற மூன்றையும் குறிக்கவேண்டும். இரண்டாவது, ஒரே பாட்டு பெண்ணுக்கு அடக்கத்தையும் கற்பிக்கும். அவள் சினத்திற்கு வாயிலாகவும் அமையும். இரண்டையும் எழுதவேண்டும். மூன்றாவது, பாடியவர் இசைந்தால் அவர் பெயரை எழுதவேண்டும். இசையாவிட்டால் பாட்டையும் அவரிடமே விட்டுவிட வேண்டும்.

நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்த காலத்தில், பாடத் தெரிந்தவர் ஊர்தோறும் இருந்தனர். இன்று நம் தாய்மாரே கடைசி வரிசையில் நிற்கின்றனர். கிகூயு நாட்டில் பெண்களின் பெயராவது குலத்திற்கு நின்றது. நம் வீடுகளில் என்ன நிற்கும் என்பது நாம் இப்போது கேட்பதைப் பொறுத்தது.

பூசை விடுமுறை நெருங்குகிறது. ஹௌராவில் வண்டியேறி ஊருக்குச் செல்லும் நண்பர்கள், உங்கள் அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் ஒரு பாட்டாவது கேளுங்கள். வீட்டிற்குள் பாடமாட்டேன் என்றால், காட்டுக்கு உடன் செல்லுங்கள். திரும்பி வந்ததும், லேக் மார்க்கெட் பக்கம் வழக்கம்போல் நாம் கூடும் நாளில், கேட்டதைப் பகிர்ந்துகொள்வோம். என் வங்க நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.